ஏழாவது கம்பம்

முன்னால் போன வெள்ளைக் கார் பிரேக் விளக்கைப் போட்டது.

ஸ்டீயரிங்கை வெட்டி இழுத்துக்கொண்டிருந்த இசோபேயின் கை அந்தச் சிவப்பைக் கண்டதும் தவறியது. அவனுடைய கார் தடுப்பில் உரசி, பொறி பறக்க, பந்து போலத் துள்ளி மறுபடி சாலைக்கு வந்து விழுந்தது. அரை விநாடி போச்சு. அதோடு அந்த ஓட்டமும் போச்சு.

"பேய்க்கு ஏதுடா பிரேக் விளக்கு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான்.

பேய் என்றால் பயமுறுத்தும் பேய் இல்லை. இந்தக் கார்ப்பந்தய விளையாட்டு இயந்திரத்தில் யார் மிகக் குறைந்த நேரத்தில் ஓட்டி முடித்தாரோ, அவருடைய ஓட்டத்தை இயந்திரம் அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். அடுத்து வருகிறவனுக்கு முன்னால் அதைக் கண்ணாடியில் வார்த்த கார் போல ஓடவிடும். அதைத் துரத்தலாம், ஊடுருவிக்கொண்டு போகலாம், இடிக்க முடியாது. 'நேத்து பேயை அடிச்சியா?' 'கடைசி வளைவுல பேய் என்னை விட்டுட்டுப் போயிடுச்சுடா.' இந்த விளையாட்டு இயந்திரக் கடையில் தினமும் புழங்கும் பேச்சு அது. ஆறு வருடத்தில் இசோபே ஆயிரம் பேய்களையாவது துரத்தியிருப்பான். ஒன்றுக்குக்கூடப் பின்விளக்கு எரிந்ததில்லை. வரைந்தவர்கள் பேய்களுக்கு அதை வைக்கவே இல்லை.

மணி பத்தே கால். வெளியே அக்டோபர் மழை. ஜன்னல் இல்லாத கடைக்குள் காலையும் மாலையும் ஒன்றுதான். பழைய சிகரெட் புகையும், சூடேறிய தூசியும், யாரோ கொட்டிய டப்பா காபியின் இனிப்பும் கலந்த வாசனை தரைக்கம்பளத்தில் ஊறிக் கிடந்தது. நாற்பது இயந்திரங்கள் ஆள் இல்லாமலே தங்களுக்குள் பாடிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு மணி வரைதான் அவனுக்கு அவகாசம். நாடு முழுக்க இந்த இயந்திரங்களைப் பிணைத்திருந்த இணைப்பை நிறுவனம் இன்று நண்பகலோடு நிறுத்துகிறது. அந்த நேரத்தில் பட்டியலில் யார் பெயர் முதலில் நிற்கிறதோ அது அப்படியே உறைந்துவிடும். பிறகு யாராலும் அதை அசைக்க முடியாது. கசாமே கணவாய், மலையிறக்கம் என்ற பந்தயப் பாதை: நடுவில் சில வாரங்களைக் கழித்தால் மூன்று வருடமாக அங்கே முதல் பெயர் இசோபே. முப்பத்தொரு வயது, டயர் கடை வேலை, ஒற்றை அறை வாடகை. உலகத்தில் அவன் முதலாவதாக நின்ற இடம் அது ஒன்றுதான். கடைசி நாளில் அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கதவைத் தூக்கும்போதே வந்து நின்றான்.

பட்டியலில் அவன் இரண்டாவதாக இருந்தான்.

முதல் வரியில், விநாடியில் பத்தில் நாலு பங்கு குறைவான நேரத்துக்குப் பக்கத்தில், 'தொகாஷி' என்று இருந்தது.

தொகாஷி செத்துப் பதினோரு மாதம் ஆகிறது.

"மொமோசே-சான்! நேத்து நான் போனப்புறம் இதுல யாராவது ஆடினாங்களா?"

கடையைப் பார்த்துக்கொள்ளும் மொமோசே சாம்பல் கிண்ணங்களைத் துடைத்தபடியே வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், மூக்குக் கண்ணாடி எப்போதும் தலைமேல்தான் இருக்கும்.

"நேத்து அடிச்ச மழைக்கு ஈ காக்கா வரல. கடைசியா போனவனும் நீ, முதல்ல வந்தவனும் நீ. உனக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா, இசோபே-குன்?"

"அப்ப இதை யாரு வச்சது?"

அவள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தொகாஷி-குன்னா?" என்றாள் மெதுவாக. "பழைய நேரம் எதையாவது தூக்கிப் போட்டிருக்கும். சாகப்போற மெஷின்தானே, புத்தி தடுமாறுது."

"தேதியைப் பாருங்க."

இன்றைய தேதி. காலை ஒன்பது நாற்பத்தொன்று. கடை திறந்தது பத்துக்கு.

"அந்த நேரத்துல நான் பின்வாசல்ல குப்பைப் பை கட்டிட்டு இருந்தேன்," என்றாள். "எந்த மெஷின்ல ஆடினதுன்னு போட்டிருக்கு?"

"ரெண்டாம் நம்பர்."

இருவரும் திரும்பினார்கள். இசோபே உட்கார்ந்திருந்தது முதலாம் எண். தோளோடு தோள் இடிப்பது போலப் பக்கத்திலேயே இரண்டாம் எண். அதன் இருக்கையில் பிளாஸ்டிக் உறை, இருண்ட திரையில் 'பழுது' என்று ஒட்டிய காகிதம். போன வாரம் ஸ்டீயரிங் மோட்டார் கருகிப்போனதிலிருந்து அதற்கு மின்சாரமே கிடையாது. பிடுங்கிப் போட்ட பிளக், செத்த எலி மாதிரி தரையில் கிடந்தது.

"எவனோ அவன் கார்டை வச்சு விளையாடுறான்," என்றான் இசோபே. அவரவர் பெயரும் காரும் நேரமும் பதிவாகியிருக்கும் கார்டைச் செருகித்தான் இதில் ஆடவே முடியும்.

"எந்தக் கார்டு? அவங்கம்மா அதைச் சவப்பெட்டிக்குள்ள அவன் கைக்குப் பக்கத்துல வச்சாங்க. அவனோட சேந்து அதுவும் எரிஞ்சுது. நீயும்தான் பக்கத்துல நின்னே."

நின்றான். சாமந்திப்பூ வாசனை இன்னும் நினைவிருக்கிறது.

மொமோசே போகத் திரும்பியவள் நின்றாள். "நீங்க ரெண்டு பேரும் அந்தக் கணவாய்க்குச் சேந்து போவீங்க இல்ல? நிஜ கணவாய்க்கு?"

"அவன்தான் போவான்," என்றான் இசோபே. அடுத்த நூறு யென்னைப் போட்டான்.

தொகாஷிக்கு அந்தப் பைத்தியம் உண்டு. இந்த இயந்திரத்தின் மலைப்பாதை, ஊருக்கு மேலே இருக்கும் கசாமே கணவாயைப் படமெடுத்து, தடுப்புக் கம்பி முதல் கல் சிலை வரை அப்படியே வரைந்தது. இயந்திரத்தில் எதைக் கற்றாலும் அடுத்த விடிகாலையே அவன் தன் பழைய வெள்ளைக் காரில் மேலே போய்ச் செய்து பார்ப்பான். மலையில் எதைக் கண்டுபிடித்தாலும் சாயங்காலம் இங்கே வந்து சொல்லுவான். 'டேய் இசோபே, அந்தப் பள்ளம் நிஜமாவே இருக்குடா! டயர் தூக்கிப் போடுது!' என்று சிரிப்பான். இருவரும் ஒரே காபி டப்பாவில் மாறி மாறிக் குடித்தவர்கள்.

அந்த தொகாஷிதான் ஏமாற்றினான். வேறு கடையில் போய்ப் பழகுவதில்லை, ஆடினால் இங்கேதான், இருவரும் சேர்ந்துதான் என்று பேச்சு. இரண்டு மாதம் 'ஓவர்டைம்' என்றான். தகாசாக்கி நகரத்தில் ஒரு கடையில் தினமும் உட்கார்ந்து பழகியிருக்கிறான். போன வருடம் இதே அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கடை நிறைய ஆள் நிற்கும்போது ஒற்றைக் காசில் இசோபேயின் நேரத்தைத் தூக்கி எறிந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். 'மன்னிச்சுக்கடா, உன்னை அடிக்கணும்னா உனக்குத் தெரியாமத்தான் அடிக்கணும்,' என்று தோளில் தட்டினான். இசோபேயும் கைதட்டினான். வேறென்ன செய்வது?

மூன்று வாரம் கழித்து, நவம்பர் விடிகாலையில், கணவாயின் கற்சிலை வளைவில் வெள்ளைக் கார் தடுப்பை உடைத்துக்கொண்டு போனது. சாலையில் பிரேக் போட்ட தடமே இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். தூங்கியிருப்பான் என்று எல்லாரும் சொன்னார்கள். இசோபே தலையாட்டினான். டிசம்பரில் அவன் பெயர் மறுபடி முதல் வரிக்கு வந்தது.

ஓட்டம் தொடங்கியது.

முதல் வளைவிலேயே எல்லாம் மறந்தது. அதுதான் இந்த இயந்திரத்தின் மாயம். பிரேக்கை ஒரு தட்டு, ஸ்டீயரிங்கை ஒரு வெட்டு, காரின் பின்பகுதி விடுபட்டு வழுக்கும்போது கைக்குள் அந்தச் சக்கரம் எடையிழந்து மிதக்கும்; அந்தக் கால் விநாடியில் வயிறு காலியாகி, சம்பளம், அறை, முதலாளியின் இருமல் எதுவும் உலகத்தில் இல்லாமல் போய்விடும். அதற்கு விலையும் உண்டு. முன்னால் போகிறவனை இந்த இயந்திரத்துக்குப் பிடிக்காது. எவ்வளவு சுத்தமாக ஓட்டினாலும், பின்தங்கியவனுக்கு ரகசியமாக வேகத்தை ஏற்றிவிட்டு, கடைசி நேர்பாதையில் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தும். உழைத்து முன்னேறியவனை அது காட்டிக்கொடுக்கும். ஆறு வருடத்தில் எத்தனை தடவை திரைக் கண்ணாடியைக் குத்தியிருப்பான்!

வெள்ளைப் பேய் நான்கு கார் நீளம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இசோபே நெருங்கினான். மூன்று. இரண்டு. அப்போதுதான் பட்டது: நெருங்க நெருங்க அது கண்ணாடியாக இல்லை. அதன் வழியே சாலை தெரியவில்லை. பின்கதவில் ஒரு நசுங்கல். வலது பக்கம், விளக்குக்குக் கீழே.

அந்த நசுங்கல் இயந்திரத்துக்குத் தெரியாது. கடை வாசலில் சைக்கிள் நிறுத்தும் கம்பியில் தொகாஷி ரிவர்ஸ் எடுத்து இடித்தது அது. நிஜக் காரில்.

ஓட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்தான்.

இயந்திரத்தின் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கியது கடை நோட்டு. ஆட்டக்காரர்கள் வணக்கம் சொல்வது, கேலிப்படம் வரைவது, எந்த வளைவில் எந்தக் கம்பத்தில் பிரேக் என்று எழுதுவது எல்லாம் அதில்தான். ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டியதை எழுதி, தாளை உள்பக்கமாக மடித்து, மேலே அவர் பெயரைப் போட்டுவிட்டால் போதும். வேறு ஒருவரும் பிரிக்க மாட்டார்கள். பூட்டு இல்லாத பூட்டு. அந்த ஒழுக்கத்தை இந்தக் கடையில் யாரும் மீறியதில்லை.

எவனாவது இந்த விளையாட்டுக்குப் பெருமையடித்து எழுதியிருக்கிறானா என்று புரட்டினான். இல்லை. இன்றைய பக்கம் வெறுமை. விரல் தானாகவே பின்னோக்கிப் போனது. நவம்பர். அங்கே ஒரு தாள் மட்டும் கிழிபட்டு, அதன் ஓரம் பல் வரிசை போலத் தையலில் நின்றது. எப்போதும் போலச் சட்டென்று கடந்துவிடப் பார்த்தான்.

அந்தக் கிழிசல் ஓரம் ஈரமாக இருந்தது. முகர்ந்தான். அழுகிய இலை. மலைமண்.

"மொமோசே-சான், இங்க எங்கயாவது மழை ஒழுகுதா?"

பின்கட்டில் அவள் வாளியை நகர்த்தும் ஓசை மட்டும் வந்தது. நாற்பது இயந்திரங்களின் பாட்டில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. இன்னொன்றும் குறைந்தது. வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டு வருகின்றன என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

போய்விடலாம். எழுந்து வாசலைத் தாண்டினால் மழை, பஸ், அறை. ஆனால் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெயர் உறைந்துவிடும். எப்போதைக்குமாக. அவனுக்கு மேலே.

ஒரே ஒரு ஓட்டம்.

உட்கார்ந்தான். காசு விழுந்தது. கார்டை இயந்திரம் உள்ளே இழுத்துக்கொண்டது. பாதையைத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து படபடத்தது:

'எதிராளி நுழைகிறார்.'

பக்கத்து இயந்திரத்தில் யாராவது காசு போட்டால் வரும் அறிவிப்பு அது. அனுமதி கேட்கத் தேவையில்லை. வந்து உட்கார்ந்து சண்டைக்கு இழுக்கலாம்.

பக்கத்து இயந்திரத்துக்குப் பிளக் இல்லை.

இசோபே திரும்பவில்லை. கண்ணோரத்தில் 'பழுது' காகிதத்துக்குப் பின்னால் வெளிச்சம் ஏறியது. இருக்கையின் பிளாஸ்டிக் உறை நொறநொறவென்று அமுங்கியது. யாரோ உட்காரும்போது அமுங்குவது போல. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. கம்பளத்தில் தண்ணீர் விழும் சத்தம்.

மூன்று. இரண்டு. ஒன்று.

இந்த விளையாட்டில் எப்போதும் இரவுதான். இப்போது திரையில் விடிந்துகொண்டிருந்தது. சாம்பல் வெளிச்சம், சாலை முழுக்க ஈர இலை. வெள்ளைக் கார் பாய்ந்தது. பின்னாலேயே இவன். பயத்தைவிடப் பழக்கம் பலசாலி. கைகள் தங்கள் பாட்டுக்கு ஓட்டின. ஐந்தாம் வளைவில் வெள்ளைக் கார் அகலமாக விலக, உள்பக்கமாகத் தலையை நுழைத்தான். முந்திவிட்டான்! ஆறு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வளைவை அவன் எடுத்ததில்லை. வாயிலிருந்து சிரிப்பே வந்துவிட்டது.

அப்புறம்தான் நினைவு வந்தது, முன்னால் போகிறவனை இயந்திரத்துக்குப் பிடிக்காது.

பின்பார்வைக் கண்ணாடியில் இரண்டு விளக்குகள். ஒன்று உடைந்திருந்தது. வளர்ந்தன. இடிக்க முடியாத பேய் இடித்தது. இசோபேயின் முதுகெலும்பில் உறைத்தது அது. இன்னொரு இடி. வேகமுள் ஏறியது. அவன் ஏற்றவில்லை.

தூரத்தில் கற்சிலை. கழுத்தில் சிவப்புத் துணி.

சிலைக்கு முன்னால் இடப்பக்கம் ஏழு கம்பங்கள். நான்காவதில் பிரேக். ஆறு வருடமாக நான்காவது. கண்ணை மூடிக்கொண்டும் நான்காவது.

ஒன்று.

இரண்டு.

பிரேக்குக்குக் காலை நகர்த்தினான். நகரவில்லை.

மூன்று.

பாதத்தின் மேல் யாருடையதோ ஒரு கை. குளிர். கனம். ஈரம்.

நான்கு.

"டேய்... டேய், விடுடா..."

ஐந்து.

கை ஸ்டீயரிங்கை விட மறுத்தது.

ஆறு.

காதுக்குப் பக்கத்தில் மூச்சு. இலை வாசனை.

ஏழு.

இந்த விளையாட்டில் யாரும் விழுவதில்லை. தடுப்புச் சுவர் பந்து போலத் திருப்பித் தள்ளிவிடும். இந்தத் தடவை தடுப்பு, கதவு திறப்பது போலத் திறந்தது. திரையில் சாலை முடிந்தது. மரக்கிளைகள் கீழிருந்து மேலே ஓடின. ரொம்ப நேரம் ஓடின. அப்புறம் கறுப்பு. கறுப்புக்குள் மழைச் சத்தம். சூடான எஞ்சின் ஆறும்போது வரும் டிக், டிக், டிக்.

"இசோபே-குன்! ஏய், இசோபே-குன்!"

மொமோசே தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். எல்லா இயந்திரங்களும் முன்போலவே பாடிக்கொண்டிருந்தன. பக்கத்துத் திரை இருண்டு கிடந்தது. பிளக் தரையில்.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்! கண்ணைத் திறந்துகிட்டே உக்காந்திருக்கே. மணி என்ன தெரியுமா? பன்னெண்டாகப் போகுது."

மூன்று நிமிட ஓட்டம். ஒன்றரை மணி நேரம் எங்கே போனது?

"அட, அதை விடு. அங்க பாரு. ஜெயிச்சுட்டியே!"

திரையில் பட்டியல். முதல் வரியில் இசோபே. யாரும் எட்ட முடியாத நேரம். பிரேக்கே போடாதவனின் நேரம். பெயருக்குக் கீழே அந்த ஓட்டத்தின் பேய் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கார் ஒன்று சிலையை நோக்கி வந்தது. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. தடுப்பைத் தாண்டிப் போனது. மறுபடி முதலிலிருந்து வந்தது. மறுபடி போனது. அதற்குள் ஓட்டுபவன் இருந்தான். வாயைத் திறந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தான்.

மணி பன்னிரண்டு. திரையின் மூலையில் எரிந்த இணைப்பு விளக்கு அணைந்தது. பட்டியல் உறைந்தது. கார் மட்டும் நிற்கவில்லை.

கார்டு வெளிவரும் துளையில் கரகரவென்று சத்தம். வந்தது கார்டு இல்லை. நான்காக மடித்த ஒரு தாள், ஈரத்தில் ஊறி, நாக்கு போல மெல்ல மெல்ல நீண்டது. ஒரு பக்கம் பல் பல்லாகக் கிழிந்திருந்தது. மேலே 'தொகாஷிக்கு மட்டும்' என்று இருந்தது.

அதை இசோபே எரித்துவிட்டான். பெட்டி எரிந்த அன்று மாலையே, டயர் கடைக்குப் பின்னால், எண்ணெய்ப் பீப்பாயில். சாம்பலைக் குச்சியால் கிளறிக்கூடப் பார்த்தான்.

"பிரிக்காதீங்க," என்றான்.

"அதுக்கு உரியவன்தான் இல்லையே," என்று சொல்லிக்கொண்டே மொமோசே கண்ணாடியை இறக்கினாள். "இது உன் கையெழுத்தாச்சே."

ஒவ்வொரு வரியாக, பள்ளிக்கூடப் பிள்ளை போல, சத்தமாகப் படித்தாள்.

"'மெஷின்ல இதை முயற்சி பண்ணாதே, சுவர் தள்ளிடும். மலையில பண்ணிப் பாரு. கற்சிலை வளைவுல ஏழாவது கம்பம் வரைக்கும் பிரேக்கைத் தொடவே வேண்டாம். டயர் கடை வேனை எடுத்துட்டு நானே மூணு தடவை போய்ப் பாத்துட்டேன். இசோபே.'"

அதற்குக் கீழே வேறு ஒரு கை, கட்டம் கட்டமான எழுத்தில், ஒரே சொல் எழுதியிருந்தது. மை இன்னும் காயவில்லை.

"'நம்பினேன்.'"

மொமோசே தாளிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"நீ போனியா? நிஜமாவே அந்த மலைக்கு?"

அவன் வாயைத் திறந்தான். திரைக்குள் இருந்தவன் திறந்தது போலவே. அவள் பார்வை அவன் முகத்திலிருந்து கீழே இறங்கியது. முழங்கால், கணுக்கால், ஆக்ஸிலேட்டரில் இன்னும் அழுந்திக் கிடந்த வலது கால். முழங்கால் வரை சேறு. காலணி வாரில் சிக்கிய ஈர இலைகள். அந்தப் பாதத்தைக் கவ்வியபடி, பிடியைத் தளர்த்தாமல், கரிந்துபோன ஐந்து விரல்கள்.

இசோபே அந்த மலைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.